மாத்திரை ஏற்றிய எடை

'ரத்தத் தட்டணு குறைவதற்குத் தடித்த உடம்பே காரணம். எடையைக் குறைத்தால் ரத்தம் தானே சீராகும்' என்று எழுதியிருக்கும் கட்டுரையாளர் முதல் சான்றாக வைப்பது தம் கண்ணால் கண்டதை: ஐடிபி என்னும் தட்டணுக் குறைவு நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் பருத்தவர்களாம். அவர்கள் எப்போது பருத்தார்கள் என்று ஒருவரையாவது கேட்டாரா? தன் தட்டணுக்களை உடம்பே அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருளை ஒட்டவைக்க, மண்ணீரல் அவற்றைச் சிதைத்துத் தீர்க்கும் இந்த நோய்க்கு முதல் மருந்து ஸ்டீராய்டு. கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் பிரட்னிசலோனை வாரக்கணக்கில் விழுங்குகிறவருக்கு அடங்காத பசி எடுக்கும், முகம் வட்டமாக உப்பும், வயிற்றிலும் பிடரியிலும் கொழுப்பு ஏறும். கட்டுப் போட்டதால்தான் கால் ஒடிந்தது என்று ஒருவர் சொன்னால் நாம் அவரை வைத்தியராக ஏற்போமா?

அடுத்த ஆயுதம் லெப்டின். 1994இல் கண்டறியப்பட்ட அந்த ஹார்மோன் கொழுப்புத் திசுவில் சுரக்கிறது, நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டவும் செய்கிறது, மறுக்கவில்லை. தூண்ட வல்லது என்பதும் தூண்டியது என்பதும் ஒன்றா? வைரஸ் காய்ச்சல் வந்துபோன சில வாரங்களில் உடம்பெல்லாம் செம்புள்ளியோடு வருகிற 3 வயதுப் பிள்ளையிடம் எந்தத் தொந்தி இந்த வேலையைச் செய்தது? அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்த உணவுக் கட்டுப்பாடும் இல்லாமல் ஓராண்டுக்குள் தாமாகவே தேறிவிடுகிறார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவார்?

எடை குறைந்து தட்டணு ஏறியவர் என்று அவர் முன்னிறுத்தும் நபருக்கு ஐடிபிதான் என்பதற்கே கட்டுரையில் ஆதாரம் இல்லை. ஃபேட்டி லிவர் முற்றிக் கல்லீரல் இறுகினால், மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தன்னுள் அடைத்துக்கொள்ளும். அங்கே எதிர்ப்பொருளுக்கு வேலையே கிடையாது. இரண்டையும் பிரித்தறியாதவர் எதைக் குணப்படுத்தினார்?

எடைக்கும் இத்தகைய நோய்களுக்கும் உறவே இல்லை என்பதல்ல என் கட்சி. ரத்த நாளங்களைச் சிறுசிறு ரத்த உறைகட்டிகள் அடைக்கும் டிடிபி என்ற நோய் பருத்தவர்களிடம் கூடுதலாகத் தென்படுவதை அமெரிக்காவின் ஓக்லஹோமா நோயாளிப் பதிவேடு காட்டியிருக்கிறது. கட்டுரையாளரின் தரப்புக்குக் கிடைத்திருக்கக்கூடிய நல்ல சான்று அது. அதைக்கூட அவர் தேடவில்லை! அங்கேயும் உயிரைக் காப்பது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சைதான். அது வருவதற்கு முன் 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் இறந்தார்கள்.

இத்தனை பிழைகளும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது கடைசிப் பத்தியில் தெரிகிறது: விலை போட்ட 3 மாத எடைக்குறைப்புத் திட்டம், அதோடு 'ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்ற அழைப்பு. நோயாளியைக் குற்றவாளி ஆக்கினால்தானே பரிகாரத்தை விற்க முடியும்? நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம், தட்டணு அதலபாதாளத்துக்கு விழுந்தால் மூளையில் ரத்தம் கசியலாம். மற்ற வரிகளுக்கு அவர் எப்போது வேண்டுமானாலும் பதில் எழுதட்டும். இந்த ஒரு வரியை இன்றைக்கே திரும்பப் பெற வேண்டும்.