நாலு போல்ட்டும் ஒரு ஜாக்கியும்

'இன்ஜினை வீட்டு ஷெட்டில் கழற்றுவதா? அதெல்லாம் மெக்கானிக் சமாசாரம்' என்பவர்கள் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

காற்றில் குளிரும் இன்ஜின், ரேடியேட்டரே கிடையாது. பேட்டரியைத் துண்டித்து, பெட்ரோல் குழாயை அடைத்து, வயர், கேபிள், ஹீட்டர் குழாய்களைக் கழற்றிவிட்டால், கியர்பாக்ஸோடு அதைப் பிடித்திருப்பது நாலே போல்ட்டுகள். ஜாக்கியில் தாங்கி, பின்னால் இழுத்து இறக்க வேண்டியதுதான். திரும்ப மாட்டும்போதுதான் பொறுமை வேண்டும். கிளட்ச் தட்டு நடுவில் இல்லையென்றால் ஷாஃப்ட் நுழையாது. போல்ட்டை முறுக்கி இழுத்தால் ஏதாவது உடையும்.

ஆபத்தில்லையா? உண்டு. ஸ்டாண்ட் வைக்காமல் ஜாக்கியை நம்பிக் காருக்கடியில் படுப்பது முட்டாள்தனம். அதற்குத் தீர்வு கற்றுக்கொடுப்பது, தடுப்பதல்ல. அமெரிக்காவில் ஜான் மியூர் 1969-லேயே சாதாரண ஆட்களுக்குப் புரியும்படி பீட்டில் ரிப்பேர் புத்தகம் எழுதிவிட்டார்.

இன்றைக்கோ பல கார்களில் வேறு இசியு மாட்டினால், உரிய மென்பொருள் அனுமதிக்காமல் வண்டி கிளம்பாது. இந்தப் பூட்டு பாதுகாப்புக்கு மட்டும்தானாம்! மாசசூசெட்ஸ் மக்கள் அதை நம்பவில்லை. ரிப்பேர் உரிமைக்காக 2012-லும் 2020-லும் ஓட்டுப் போட்டு ஜெயித்தார்கள்.

காசு கொடுத்தவனுக்குச் சாவி மட்டும் போதுமா? ஸ்பானரும் அவனுடையதுதான்.