பழுது எங்கே இருந்தது?

மோட்டார் வண்டியிற் பாட்டுக் கேட்பதைப் பற்றி இப்பகுதியில் எழுதுவேன் என்று நான் எண்ணியதில்லை. பாட்டின்மீது எனக்குப் பகை கிடையாது. நல்லூரிற் புறப்படும் வண்டியின் பாட்டுச் சுன்னாகத்திற் கேட்கவேண்டும் என்னும் இளைஞரின் ஆசைதான் எனக்கு விளங்குவதில்லை. அப்படியிருந்தும், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அத்தகைய வண்டியொன்றின் பின்பெட்டிக்குள் தலையைக் கொடுத்தே கழித்தேன். அங்கே கண்டவற்றுள் ஒன்று, வண்டி வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் வேண்டியதாகையால் எழுதுகிறேன்.

வண்டி என் தங்கையின் மூத்த மகனுடையது. காலையில் தம்பி தங்கை இருவரையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் தன் அலுவலகத்துக்குப் போவான். பின்பெட்டியில் ஓர் அம்பிளிபயரையும் (நம் பாடநூல்கள் இதனை விரியலாக்கி என்னும்) பெரிய வூபர் ஒன்றையும் கடையிற் கொடுத்துப் பூட்டுவித்திருந்தான். மெதுவாகப் பாடினால் ஒரு குறையும் இல்லை. சத்தத்தைச் சற்று உயர்த்தினாலோ, மேளம் பலமாக விழும் இடத்திற் பாட்டு அறுந்துவிடும். கருவியின் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். சில விநாடி கழித்து மீண்டும் பாடத் தொடங்கும்.

“அம்பிளிபயர் முடிஞ்சுதாம் மாமா. புதிசு ஒண்டு வாங்கத்தான் வேணுமாம்” என்றான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“எதைக்கொண்டு அப்படிச் சொன்னவர்?”

“மீற்றர் வைச்சுப் பாத்தவர். பன்னிரண்டரை வோல்ற்று வருகுது. கரண்ட் சரியாய் வருகுது, அப்ப அம்பிளிபயர்தான் பிழை எண்டார்.”

பாட்டு நின்றிருக்கும்போது அளந்தாரா, பாடும்போது அளந்தாரா என்று கேட்டேன். நின்றிருக்கும்போதுதான் என்றான். அப்போதே எனக்கு ஐயம் பிறந்துவிட்டது.

தோட்டத்துக்கு நீரிறைக்கும் குழாயின் முனையைப் பெருவிரலால் இறுக அடைத்துப் பிடித்துப் பாருங்கள். இடையில் எங்காவது குழாய் நெரிந்திருந்தாலும் விரலில் முழு அழுத்தமும் தெரியும். விரலை எடுத்து நீரை ஓடவிட்டாற்றான், நெரிந்த இடம் தன் குணத்தைக் காட்டும். மின்னோட்டமும் இவ்வாறே. ஓட்டம் இல்லாத கம்பியில், இணைப்பு எவ்வளவு கெட்டிருந்தாலும் மீற்றர் நல்ல எண்ணையே காட்டும். ஓமின் விதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்த மாணவர் இதனைச் சற்று நின்று எண்ணவேண்டும். வோல்ற்று இழப்பு என்பது மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்கி வருவது. மின்னோட்டம் பூச்சியமானால் இழப்பும் பூச்சியமே.

முதலில் வூபரின் கம்பிகளைக் கழற்றி அதன் தடையை அளந்தோம். 3.4 ஓம். நான்கு ஓம் என்று குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி நேரோட்டத்தில் நான்குக்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். ஆகவே அது நலமாக இருந்தது. கம்பி எதுவும் வண்டியின் இரும்பைத் தொடவுமில்லை. பின்னர் யாவற்றையும் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, அவனுடைய கைத்தொலைபேசியிலிருந்து 50 ஹேர்ட்ஸ் கொண்ட ஒரே சீரான ஒலியைக் கொடுக்கச் சொன்னேன். பாட்டென்றால் மீற்றரின் எண் ஓரிடத்தில் நில்லாது.

சத்தம் உயர்ந்தபோது பற்றரியின் முனைகளில் 13.8 வோல்ற்று. அம்பிளிபயரின் முனைகளில் 9.8! அழுத்தம் இவ்வாறு தாழ்ந்தாற் கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். நோயாளி என்று ஒதுக்கப்பட்ட கருவி உண்மையிற் பட்டினி கிடந்திருக்கிறது.

நான்கு வோல்ற்று வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. எங்கே? மீற்றரின் ஒரு முள்ளைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதை அம்பிளிபயரின் நேர்முனையிலும் வைத்து, சத்தம் இருக்கும்போதே பார்த்தோம்: 0.6. அவ்வாறே மறைமுனைகளுக்கிடையே வைத்தோம்: 3.4. கணக்கு ஒரு புள்ளியும் பிசகாமல் ஒத்துவந்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சி, கணக்கு ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். குற்றவாளி மறைமுனைக் கம்பியே.

அக்கம்பி பின்பெட்டியின் தரையில் ஒரு சிறு திருகாணியின் கீழ் முடிந்திருந்தது. பூச்சைச் சுரண்டாமலே முறுக்கியிருந்தார்கள். வண்டியின் பூச்சு மின்னைக் கடத்தாது. திருகாணியின் புரிகள் கடித்த இடத்தால் மட்டுமே மின் போயிருக்கிறது. விரலை வைத்தவன் உடனே இழுத்துக்கொண்டான். மின்னோட்டத்தை 20 அம்பியர் என்று கொண்டால், 3.4 ஐ 20 ஆற் பெருக்க 68 உவாற்று. அக்காலத்து 60 உவாற்று மின்குமிழின் வெப்பத்தை ஒரு திருகாணித் தலையில் ஏற்றினால் வேறென்ன ஆகும்! பூச்சை அரத்தாளால் வெள்ளிரும்பு தெரியும்வரை தேய்த்து, தடித்த மரையாணியால் இறுக்கினோம். மறைமுனை இழப்பு 0.1 ஆகக் குறைந்தது. எஞ்சினின் வேகத்துக்கேற்ப ஒலிபெருக்கியில் எழுந்துகொண்டிருந்த கீச்சொலியும் பெரும்பாலும் அடங்கிற்று. அதற்கும் இவ்விணைப்பே காரணமாயிருந்தது.

அத்துடன் மருமகன் தேநீருக்கு எழுந்துவிட்டான். நேர்முனையில் மிஞ்சிய 0.6 மட்டும் என் மனத்தை உறுத்திற்று. பொனற்றைத் திறக்கச் சொன்னேன்.

கம்பி பற்றரியிலிருந்து நேரே புறப்பட்டு, எஞ்சினுக்கும் ஆசனங்களுக்கும் இடையிலுள்ள தகட்டை ஒரு துளையால் ஊடுருவி, விரிப்பின் கீழாகப் பின்னே போயிற்று. துளைக்கு இறப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு கம்பியின் உறையைத் தின்று தின்று, ஓரிடத்தில் உலோகம் பளிச்சிட்டது. பற்றரியின் அருகே உருகியும் இல்லை.

“பியூஸ் அம்பிளிபயரிலை இருக்குது மாமா, முப்பது அம்பியர்” என்றான்.

இருக்கிறது, ஆனால் அது அம்பிளிபயரைக் காப்பது. கம்பியின் மறுமுனையில் இருக்கும் உருகி, நடுவழியிற் கம்பி தகட்டைத் தொட்டால் ஒன்றும் செய்யாது. அம்மின்னோட்டம் அதன் வழியே போவதேயில்லை. மோட்டார் பற்றரி அந்நிலையிற் சில நூறு அம்பியரைத் தயங்காமற் கொடுக்கும். கம்பி சிவந்து, உறை பற்றி, விரிப்புப் பற்றும். சாவியை எடுத்துவிட்டாற் போயிற்று என்றும் இருக்க முடியாது. இக்கம்பி சாவிக்குக் கட்டுப்பட்டதன்று. இரவு முழுவதும், வீட்டுத் தாழ்வாரத்தில் வண்டி நிற்கும்போதும், அதில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். அந்த விரிப்பின்மேற் கால் வைத்துத்தான் சிறியவர்கள் இருவரும் நாள்தோறும் பள்ளிக்கூடம் போனார்கள்.

என் தங்கைக்கு இதனை நான் அன்று சொல்லவில்லை. பற்றரியின் மறைமுனையை முதலிற் கழற்றிவிட்டுக் கடைக்குப் போனோம். பழைய கம்பியின் இழையொன்றைச் சுரண்டியபோது உள்ளே வெள்ளையாக இருந்தது: செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழ 61 வீதமே. தூய செம்பில் 8 ஆம் இலக்கக் கம்பி, துளைக்கு இறப்பர் வளையம், 40 அம்பியர் உருகி ஒன்று வாங்கினோம். உருகியைப் பற்றரியிலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 45 சென்ரிமீற்றருக்குள், பூட்டவேண்டும். அதன் அளவு கம்பியின் தாங்குதிறனை மிஞ்சக்கூடாது. உருகி எரிந்துவிட்டதென்று பெரியதைப் போடுவோர் இதனைக் கவனிக்க.

மாலையில் மீண்டும் அளந்தபோது, உரத்த ஒலியிலும் அம்பிளிபயருக்கு 13.5 வோல்ற்றுக் கிடைத்தது. பாட்டு அறவில்லை. பெட்டியில் 1000 உவாற்று என்று அச்சிட்டிருந்ததை மருமகன் பெருமையுடன் காட்டினான். 30 அம்பியர் உருகியை 14.4 வோல்ற்றாற் பெருக்கினால் உள்ளே போவதே 432 உவாற்றுத்தான். வெளியே தொடர்ந்து 1000 எப்படி வரும் என்று கேட்டேன். பெட்டியை மடித்து வைத்துவிட்டான்.

புதிய அம்பிளிபயருக்கென்று சேர்த்த பணத்திற் பெரும்பகுதி மிஞ்சிற்று. உரசுண்ட கம்பித் துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது இப்போது எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்து அலமாரியில், மீற்றர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு உருகியைப் பற்றிப் படிப்பிக்கும் நாளில் அதனைக் கைமாற்றிப் பார்க்கக் கொடுக்கிறேன்.