காதுக்குள் குடியேறிய குரல்

1943 செப்டம்பர் 21 அன்று அமெரிக்கப் பாடகி கேட் ஸ்மித், சிபிஎஸ் வானொலியில் 18 மணி நேரம் விட்டுவிட்டுப் பேசினார். போர்க் கடன் பத்திரம் வாங்குங்கள் என்பதே பேச்சு. அந்த ஒரே நாளில் 3.9 கோடி டாலருக்கு நேயர்கள் வாக்குக் கொடுத்தார்கள். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் அவர்களையே தேடிப் போய் விசாரித்தார். தேசப்பற்று மட்டுமே காரணமல்ல. தொண்டை வறள, களைப்போடு பேசிய அந்தக் குரலை அவர்கள் நம்பினார்கள். தங்களுக்காகவே தன்னை வருத்திக்கொள்கிறார் என்று உருகினார்கள்.

அந்த உருக்கம் இன்று பாட்காஸ்ட்டில் தினசரி நடப்பு. வானொலி கூடத்தில் ஒலித்தது. இது இயர்போன் வழியே ஒருவர் காதில் மட்டும் ஒலிக்கிறது. பாத்திரம் கழுவும்போது, பேருந்து நெரிசலில், தூக்கம் வராத இரவில். நடத்துபவர் தடுமாறுகிறார், சிரிக்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிறார். சில மாதங்களில் அவர் வீட்டுச் சங்கதி முழுக்க நமக்கு அத்துபடி. நம் பெயர்கூட அவருக்குத் தெரியாது. டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-லேயே ஆராய்ந்த ஒருதலை உறவுதான் இது.

இதைத் தனிமையில் வாடுபவர்களின் பலவீனம் என்று எள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. முகம் பார்க்காமலே வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் வீட்டு மனிதர்களாக்கிக்கொண்டவர்கள் நாம். இலங்கை வானொலியின் அந்த ஒலிபரப்பிலும் விளம்பரம் உண்டு. ஆனால், அதன் பெயரே வர்த்தக சேவை, ஒளிவுமறைவு இல்லை.

பாட்காஸ்ட்டில் பேச்சுக்கும் விளம்பரத்துக்கும் இடையிலான அந்த வேலிதான் காணாமல் போகிறது. அம்மாவின் அறுவை சிகிச்சையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், மூச்சு விடாமல், அதே தொனியில், தான் 'தினமும் சாப்பிடும்' சத்துமாவுக்குத் தாவுகிறார். காசு வாங்கிக்கொண்டு சொல்கிறாரா, அக்கறையில் சொல்கிறாரா? பிரித்தறிய முடியாதபடி அமைவதில்தான் அதன் விலையே இருக்கிறது. நிறுவனங்கள் பணம் கொடுப்பது குரலுக்கு அல்ல, நாம் வைத்த பிரியத்துக்கு.

இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல், ஒலி வடிவில் வரும் விளம்பரத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் விளம்பரம் என்று வாய்விட்டு அறிவிக்கச் சொல்கிறது. தமிழில் பாட்காஸ்ட் நடத்துவோர் இதையாவது தவறாமல் செய்ய வேண்டும். செய்யாதவரிடம் நேயர்கள் உரிமையோடு கேட்கலாம்.