1 லட்சம் கி.மீ. ஓடிய பென்ஸ், விலை 12 லட்சம்: வாங்கலாமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லஞ்ச் பிரேக். வாட்ஸ்அப்பில் நண்பர் ஒரு லிங்க் அனுப்புகிறார். கறுப்பு கலர் பென்ஸ், டீசல், செகண்ட் ஓனர், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கு, விலை 12 லட்சம். கீழே ஒரே வரி: "மச்சி, டாப் எண்ட் கிரெட்டா விலைகூட இல்லடா!"

இப்படி ஒரு மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிலோமீட்டர் அதிகம் என்பதற்காக அந்த காரை ஒதுக்க வேண்டாம். விலை கம்மி என்பதற்காக வாங்கவும் வேண்டாம். "இவ்வளவு கம்மியா ஏன் கொடுக்கிறாங்க?" என்று கேளுங்க. அதற்கு பேப்பரில் பதில் இருந்தால் மேலே பேசலாம். வாய்வார்த்தையில் மட்டும் இருந்தால் விட்டுடலாம்.

டெல்லி பென்ஸ் சொன்ன பாடம்

2025 ஜூலையில் ஒரு செய்தி வைரலானது. டெல்லிக்காரர் ஒருவர் 2015இல் 84 லட்சத்துக்கு வாங்கிய மெர்சிடஸ் எம்எல் 350 காரை வெறும் 2.5 லட்சத்துக்கு விற்றார். அது ஓடியிருந்தது 1.35 லட்சம் கி.மீ. விபத்தோ, இன்ஜின் கோளாறோ காரணம் இல்லை. டெல்லியில் 10 வயதைத் தாண்டிய டீசல் கார்களுக்கு இருந்த தடைதான் காரணம். அந்த மாதம் 1ஆம் தேதி முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கில் டீசலே போடக் கூடாது என்ற உத்தரவும் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள்.

அந்த காரின் விலை விழுந்ததற்கும் அதன் கண்டிஷனுக்கும் சம்பந்தம் இல்லை. அதாவது, கம்மி விலை என்றாலே ஓட்டை வண்டி என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு கம்மி விலைக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. நம்ம ஏரியாவில் பொதுவாக மூணு காரணங்களைப் பார்க்கலாம்.

1. தண்ணீர்

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் நமக்கு மறக்காது. அம்பத்தூர் எஸ்டேட், கொரட்டூர், பூந்தமல்லி பக்கம் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. சாதாரண கார் என்றால் காய வைத்து, வயரிங் பார்த்து ஓட்டிவிடலாம். சொகுசு கார்களில் பல எலக்ட்ரானிக் பாகங்கள் சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் தரைப் பகுதியிலும் இருக்கின்றன. தண்ணீர் போன கார் ஆறு மாதம் நன்றாக ஓடும். அப்புறம் ஒவ்வொன்றாக வார்னிங் லைட் எரியும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க, சேற்றுக் கறை தெரியுதா? ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் சீட் ரெயிலிலும் துரு இருக்கா? ஏ.சி. போட்டதும் ஈர வாடை அடிக்குதா? இவற்றோடு, பழைய இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேட்டு வாங்குங்க.

2. பேப்பர்

வெளி மாநில கார் எப்போதும் சீப்பாகத் தெரியும். ஆனால் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். நம்பர் வாங்கினால்தான் அது முழுசா உங்க கார். சொகுசு காருக்கு இந்த வரி சின்னத் தொகையாக இருக்காது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு ஆயுள் வரியே 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்க.

உள்ளூர் கார் என்றாலும் ஆர்.சி.யில் பழைய லோன் நிற்குதா என்று பார்க்கணும். கன்சல்டிங்கில் வாங்கினால் ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை: பழைய காருக்கான 18 சதவீத வரி டீலரின் லாபத்துக்கு மட்டும்தான், மொத்த விலைக்கு இல்லை. இரண்டு தனி நபர்களுக்கு இடையே விற்றால் அந்த வரியே கிடையாது.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 48, 50 சதவீதம் என்றிருந்த மொத்த வரி 40 ஆகக் குறைந்தது. புது கார் விலை இறங்கினால் பழையதும் இறங்கணும் இல்லையா? பேரம் பேசும்போது இதை ஞாபகம் வச்சுக்குங்க.

3. அடுத்து வரப்போகும் பில்

பலரும் கவனிக்காத காரணம் இதுதான். 1 லட்சம் கி.மீ. சுற்றுவட்டாரத்தில் பெரிய செலவுகள் வரிசையாக வரும். உதாரணத்துக்கு, பல பிஎம்டபிள்யூ கார்களில் இருக்கும் 8 ஸ்பீடு கியர்பாக்ஸுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது அதைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனம். 'ஆயுள் முழுக்க மாத்த வேண்டாம்' என்று நம்பி மாற்றாமலே ஓட்டியவர்கள் உண்டு. ஏர் சஸ்பென்ஷன், புஷ், டயர், கூலன்ட் பைப் எல்லாம் ஏறக்குறைய இந்த நேரத்தில்தான் கேட்கும். இந்த பில்லைக் கட்டுவதற்கு முன்னாடி விற்றுவிடலாம் என்று ஓனர் நினைத்திருந்தால், 12 லட்சம் என்பது பாதி விலைதான். மீதி பில் உங்களுக்காகக் காத்திருக்கு.

2007 முதல் பிஎம்டபிள்யூ நம்ம மகேந்திரா வேர்ல்டு சிட்டியில்தானே அசெம்பிள் ஆகுது, பார்ட்ஸ் சீப்பா கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்காது. 50 லட்சம் ரூபாய் கார் பத்து வருஷத்தில் 12 லட்சம் ஆகிவிடும். அதன் பார்ட்ஸ் மட்டும் 50 லட்சம் கார் விலையிலேயே இருக்கும்.

மீட்டரை நம்பலாமா?

தனியாக நம்ப முடியாது, அதை மாற்ற முடியும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டை வாங்கச் சொல்லுங்க. 2019இல் 82,000 என்று எழுதிய கார் இன்று 60,000 காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு ஹைவேயில் ஓடிய 1.2 லட்சம் கி.மீ.யும், பாடி சிக்னலிலும் சி.டி.எச். ரோட்டிலும் ஊர்ந்த 50,000 கி.மீ.யும் ஒண்ணு இல்லை. ஹைவேயில் இன்ஜின் சீராக ஓடும், கியர்பாக்ஸுக்கு வேலை குறைவு. சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருக்கும் 1.2 லட்சம் கி.மீ. காரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன், ரெக்கார்டே இல்லாத 50,000 கி.மீ. காரை அல்ல.

பார்க்கப் போகும்போது காலையில், இன்ஜின் சூடாவதற்கு முன் போங்க. இரவு முழுக்க நின்ற கார் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஏர் சஸ்பென்ஷன் கசிகிறது. டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஓட்டுங்க, கியர் உதறினால் தெரிந்துவிடும். பிறகு பைபாஸில் வேகம் எடுத்துப் பாருங்க. கடைசியாக, விற்பவர் சொல்லும் மெக்கானிக்கிடம் போகாமல் நீங்கள் தேடிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் எடுங்க. அந்தச் சில ஆயிரம் ரூபாய் உங்க சில லட்சத்தைக் காப்பாற்றலாம்.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?

கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 லட்சத்தில் 9 லட்சம் லோன், 14 சதவீத வட்டி, 4 வருஷம் என்று வைத்துக்கொண்டால் இ.எம்.ஐ. சுமார் 24,600 ரூபாய். வட்டி மட்டும் 2.8 லட்சம். இது கார் சும்மா நிற்பதற்கான செலவு. டீசல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி. இதற்கு நடுவில் ஒன்றரை லட்சம் ரூபாய் கியர்பாக்ஸ் பில் வந்தால் கிரெடிட் கார்டுதான் கதி. கார் ஷெட்டில் நிற்கும், இ.எம்.ஐ. மட்டும் மாதாமாதம் ஓடும்.

அதனால் நான் வைக்கும் அளவுகோல் மூணு. காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 லட்சத்துக்கு 4 லட்சம், ரிப்பேருக்காகத் தனியாகக் கையில் இருக்கணும். ஆபீஸ் போக, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இன்னொரு வண்டி வீட்டில் இருக்கணும். சர்வீஸ் ரெக்கார்டு முதல் நாளிலிருந்து இருக்கணும். மூணும் இருந்தால் தாராளமாக வாங்குங்க, ஆசைப்பட்டதை ஓட்டுவதில் தப்பே இல்லை. ஒண்ணு குறைந்தாலும் அதே பணத்தில் நாலைந்து வயசு ஹோண்டா சிட்டி போதும்.

திருமுல்லைவாயலில் தெருவே நின்று பார்க்கும்தான். ஆனால் அந்தப் பார்வை ஒரு வாரம், இ.எம்.ஐ. 48 மாதம். நண்பர் அனுப்பிய லிங்குக்கு இன்றே பதில் போடணும் என்றால், "சர்வீஸ் ரெக்கார்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டு அனுப்புங்க.