பாதிரியார் மனச்சாட்சியும் பொதுவாழ்வும்

ராஜபாளையத்தில் பஞ்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் நம்மிடம் வந்து, "மதத்தைப் பொதுவாழ்வில் கொண்டுவரக்கூடாது என்கிறீர்கள். அப்படியானால் கிறிஸ்துவின் உபதேசத்தை நம்புகிற நான் ஓட்டுப் போடப் போகும்போது என் மனச்சாட்சியை வீட்டிலே கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டுமா?" என்று கேட்டார். அதே வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வைதீக கனவான், "வேதக்காரர்கள் தங்கள் நீதியைச் சர்ச்சுக்குள்ளேயே பேசிக்கொள்ளட்டும்; நாட்டு விவகாரத்தில் அவர்களுக்கு என்ன வேலை?" என்றார். இருவருக்கும் பதில் சொல்ல வேண்டியது நமது கடமையாகிறது. முதலில் வைதீக கனவானிடம் பேசுவோம்.

ஐயா, தங்கள் ஊர்க் கோபுரம் என்று தாங்கள் பெருமை பேசும் கோபுரம் சர்க்கார் முத்திரையில் ஏறி, ஒவ்வொரு தாலூகா கச்சேரிக் காகிதத்திலும் உட்கார்ந்திருக்கிறதே, அதைக் கோவிலுக்குள்ளேயே இருக்கச் சொன்னீர்களா? தங்கள் மதம் வெளியே வந்தால் அது கலாசாரம், அடுத்தவன் மதம் வெளியே வந்தால் அது கலகமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான்.

வேதக்காரர்கள் சும்மா இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் பார்ப்போம். தென் திருவாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடுவதே குற்றமாக இருந்தது. ரவிக்கை போட்ட பெண்கள் தெருவில் அடிபட்டார்கள், அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. பாதிரிமார்கள் திவானுக்கும் சென்னைக் கவர்னருக்கும் எழுதி எழுதி வற்புறுத்திய பிறகே 1859ல் அவர்கள் மேலாடை அணியலாம் என்று மகாராஜாவின் உத்தரவு வந்தது. அப்பொழுதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்தார்கள். பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கு 1901 முதல் டோனாவூரில் அடைக்கலம் கொடுத்தவர் ஆமி கார்மைக்கேல் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. அந்தக் குழந்தைகளுக்காக நமது சாஸ்திரிகளில் எத்தனை பேர் கண்ணீர் விட்டார்கள்? சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டுவதை ஒழிக்கப் பாடுபட்டபோது, எதிர்த்துப் பேசியவர் சத்தியமூர்த்தி அய்யர் அல்லவா? சட்டம் முழுமையாக வர 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நிற்க. இதைக் கேட்டு நமது கிறிஸ்தவ நண்பர் உச்சி குளிர்ந்துவிட வேண்டாம். அவரிடமும் நமக்குக் கணக்கு இருக்கிறது.

கிறிஸ்தவர்களுக்கென்று வெள்ளைக்கார சர்க்கார் 1869ல் ஒரு விவாகரத்துச் சட்டம் செய்தது. அதன்படி மனைவி சோரம் போனாள் என்று காட்டினால் புருஷனுக்கு விடுதலை. புருஷன் சோரம் போனாலோ, மனைவி அதோடு கொடுமையையோ, கைவிட்டுப் போனதையோ, வேறு பாதகத்தையோ சேர்த்து ருஜுப்படுத்த வேண்டும். இந்த வித்தியாசத்தை இங்கிலாந்தே 1923ல் ஒழித்துவிட்டது. இந்தியாவில் ஒழிந்தது 2001ல்! 132 வருஷ காலம் கிறிஸ்தவப் பெண்கள் இந்த நுகத்தைச் சுமந்தார்கள். திருவாங்கூரில் 1916ல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டமோ, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்று சொல்லிற்று. தேவனுக்கு முன் எல்லோரும் சமம், தென்னந்தோப்புக்கு முன் மட்டும் சமமில்லை! 1986ல் சுப்ரீம் கோர்ட்டில் இதை முறியடித்தது எந்த மேற்றிராணியார்? யாருமில்லை. மேரி ராய் என்ற ஒரு பெண்தான் வழக்காடி ஜெயித்தார்.

சாதி சங்கதியையும் கேளுங்கள். சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று கல்கத்தா பிஷப் வில்சன் 1833லேயே எழுதினார். அதன் பிறகும் வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிக்காக நின்ற தடுப்பு 1910ல்தான் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்திலோ செத்த பிணங்களைக்கூடச் சாதி பார்த்துச் சுவர் வைத்துப் பிரித்தார்கள். உயிர்த்தெழும் நாளில் அந்தச் சுவரைத் தாண்டி எப்படி வருவார்களோ, பாதிரிமாருக்கே வெளிச்சம்.

மேலாடைக்குப் பரிந்து பேசியதும் அதே பைபிள், மகளுக்குக் கால் பங்கு கொடுத்ததும் அதே பைபிளை வணங்கியவர்கள்தான். இங்கிலாந்தில் வில்பர்போர்ஸ் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்டபோது கையில் வைத்திருந்ததும், அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்த எஜமானர்கள் காட்டியதும் ஒரே புஸ்தகந்தான். ஆகவே புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது என்பது ஒரு சட்டத்துக்குக் காரணமாகாது. நாடார் பெண் மேலாடை போட்டது நியாயமானது, அவள் மானமுள்ள மனுஷி என்பதனால். அதை ஒப்புக்கொள்ள ஒருவன் ஞானஸ்நானம் பெறவேண்டிய அவசியமில்லை. அதனால் நண்பரே, தங்கள் மனச்சாட்சியைத் தாராளமாகச் சந்தைக்குக் கொண்டு வாருங்கள். ஆனால் எல்லோர் சரக்கையும் நிறுக்கும் தராசிலேயே அதையும் வையுங்கள். எனக்குத் தேவன் சொன்னார் என்பது படிக்கல் ஆகாது.

இந்தப் பொதுத் தராசைச் சர்க்காராவது நேராகப் பிடிக்கிறதா? 1950ல் ஜனாதிபதி போட்ட உத்தரவின்படி, தாழ்த்தப்பட்டவன் இந்துவாக இருந்தால்தான் பட்டியலில் இடம். சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் கதவு முழுவதும் திறந்தது. கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. மதம் பார்க்கும் அந்தப் பிரிவையே எடுத்துவிடும்படி 2007ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் சொல்லிற்று. 2022ல் இன்னொரு கமிஷன் போட்டார்கள். 2023ல் தமிழ்நாட்டுச் சட்டசபையும் தீர்மானம் செய்து டெல்லிக்கு அனுப்பியது.

இதன் பொருள் நமது ஊரில் என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர் 2011 தேர்தல் முதல் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. அதற்கு முன் ராஜபாளையம் அப்படி இருந்தது. ஒரே சேரியில் பிறந்த அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் மாரியம்மனைக் கும்பிட்டால் அத்தொகுதியில் நிற்கலாம். தம்பி சர்ச்சுக்குப் போனால் நிற்க முடியாது. கிறிஸ்தவத்தில் சாதியில்லை என்று அவனுக்குக் காரணம் சொல்கிறார்கள். கேழ்வரகில் நெய் ஒழுகுகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா? ஊரில் அவனைத் தனியாக நிறுத்துகிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்தா நிறுத்துகிறான்? சம்பளம், படிப்பு, பதவி இவற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று பாதிரிகளைத் திட்டுகிறவர்கள், அதே மூன்றையும் காட்டி மதம் மாறாமல் கட்டிவைக்கும் இந்த உத்தரவுக்கு என்ன பெயர் சொல்வார்கள்?

ஆகவே தோழர்களே! இந்த உத்தரவை எதிர்ப்பதற்குக் கிறிஸ்தவனாக இருக்கவேண்டியதில்லை. கடவுளே இல்லை என்கிற நாமும் எதிர்க்கிறோம். கிறிஸ்தவ நண்பர்கள் அதை எதிர்க்க டெல்லிக்கு ஊர்வலம் போகட்டும், நாமும் கூட வருகிறோம். ஆனால் போகிற வழியில் தங்கள் சொந்தக் கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் நின்றால் அதற்கும் கடப்பாரை எடுத்துவரும்படி கேட்டுக்கொள்கிறோம்.