அறியாமை அறியாத அறிவு

ஒரு துறையில் குறைந்த பயிற்சி உடையோர் தம் திறமையை மிகுத்து மதிப்பிடுதல் நாம் அன்றாடம் காணும் ஒன்றாகும். 1999ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்களான டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் ஆகிய இருவரும் இதனை ஆய்ந்து வெளியிட்டனர். தேர்வுகளில் கடைசிக் காற்பகுதியில் நின்றோர், உண்மையில் நூற்றுக்கு 12 பேரையே விஞ்சியிருந்தும், 62 பேரை விஞ்சியதாக எண்ணினர். இம்மிகையில் ஒரு பகுதி கணக்கீட்டால் விளையும் தோற்றமே எனப் பின்வந்தோர் சிலர் வாதிட்டதுண்டு. ஆயினும் அவ்விருவர் கூறிய காரணம் சிந்திக்கத் தக்கது: பிழையின்றிச் செய்வதற்கு வேண்டிய அறிவே, பிழையைக் கண்டுணர்வதற்கும் வேண்டும்.

நம் ஊர்த் தோல் மண்டிக்குச் செல்க. புதியவனுக்கு எல்லாத் தோலும் ஒன்றே. தரம் பிரிக்கும் முதியவரின் விரலோ, கண்ணுக்குத் தெரியாத கீறலில் நின்றுவிடும். வேறுபாடு தெரியாதவனுக்கு வேலை எளிதாகவே தோன்றும்.

எனினும் கல்லாதவரை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. ஒன்றில் வல்லவர், அதன் எல்லைக்கு அப்பாலும் தம்மை வல்லவராகவே கருதுவர். ஆவாரம்பட்டையால் பதனிட்டு வந்த ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில், முழுமையாக்கிய தோலை ஏற்றுமதி செய்யும் கொள்கை 1970களில் வலுப்பெற்றபின் குரோமியப் பதனிடுதல் பெருகியது. தோலை அறிந்தோர், ஆலையைவிட்டு வெளியேறிய நீரின் போக்கை அறிந்திலர். செலவுக்கு அஞ்சி அறிய விரும்பாதவரும் உண்டு. 'தலைமுறை தலைமுறையாகச் செய்யும் தொழில்' என்னும் பெருமிதம் இரு சாராருக்கும் அரணாயிற்று. பாலாற்றங்கரைக் கிணறுகள் உவர்த்ததை முதலில் அறிந்தவர் உழவரே. 28.8.1996 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும், 2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் மாண்டனர்.

மாணவச் செல்வங்களே! மேற்கூறிய ஆய்வு நம்பிக்கையும் தருகிறது. தருக்கப் பயிற்சி பெற்றபின், பின்தங்கியோர் தம் முந்தைய குறையைத் தாமே உணர்ந்தனர். ஆகவே கல்வியின் முதற்பயன் பட்டமன்று. தன் எல்லையைத் தானே காணும் கண்ணாகும். நாளை நீங்கள் ஆலையை நடத்தலாம், ஆட்சியிலும் அமரலாம். அன்று தொழிலாளியின் விரலையும் உழவரின் நாவையும் கேட்டபின் முடிவு செய்யுங்கள். 'எனக்குத் தெரியாது' என்று உரிய காலத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் ஓர் ஆறு பிழைத்திருக்கக்கூடும்.