குறை ரவுட்டரில் இல்லை, வயரில்!

எங்கள் கோவிலம்பாக்கம் வீட்டில் ஒரு மாதமாக ஒரே பஞ்சாயத்து. கட்டுகிற பணம் 200 எம்பிபிஎஸ் வேகத்துக்கு. மாடி அறையில் உள்ள கம்ப்யூட்டரோ 94-ஐத் தாண்ட மாட்டேன் என்று அடம் பிடித்தது. இணைப்பு கொடுத்தவர் வந்து, கீழே ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் நின்று சோதித்துக் காட்டினார். 200 வந்தது! "ரவுட்டர் பழசு சார், மாத்திடுங்க" என்றார் கடைக்காரர். மாற்றினோம். அதே 94!

குற்றவாளி எங்கே பிடிபட்டது தெரியுமா? வீடு கட்டும்போது சுவருக்குள் இழுத்த 15 மீட்டர் வயரில்! நுனியைக் கத்தியால் சுரண்டினேன். மேலே தாமிர நிறம். உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்.

கொஞ்சம் விளக்குகிறேன். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். முறுக்கினால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிய யுக்தி இது. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1999-ல் வந்த கிகாபிட் முறைக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரே ஒரு கம்பி அறுந்தாலும், பல கருவிகள் தங்களுக்குள் பேசி 100-க்கு இறங்கிவிடும். விளக்கு வழக்கம்போல எரியும், எச்சரிக்கை எதுவும் வராது. மற்ற செலவு போக நம் கைக்கு வருவது அந்த 94!

அலுமினியம் தாமிரத்தைவிட எளிதில் ஒடியும். அதே தடிமனில் மின்தடை பாதிக்கும் மேல் அதிகம். கண்காணிப்பு கேமராவுக்கு மின்சாரமும் இதே வயரில்தான் போகிறது என்றால், வயர் சூடாகும், தூரத்து கேமரா அடிக்கடி அணையும். கேட் 5இ, கேட் 6 தரவிதிகள் கேட்பது முழுத் தாமிரத்தை. ஆனால் 'கேட் 6' என்று அச்சடித்த உறைக்குள்ளும் அலுமினியம் வருகிறதே!

"வைஃபை இருக்கும்போது வயர் எதுக்குடா?" என்கிறான் நண்பன். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வருவதற்குள் வைஃபை மூச்சு வாங்குகிறது. மாடியில் இன்னொரு ரவுட்டர் வைத்தால் அதற்கும் ஒழுங்காகத் தீனி போட வேண்டியது வயர்தானே?

2020 ஆகஸ்ட் 10-ல் சென்னை - அந்தமான் கடலடி கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2300 கிலோமீட்டர்! கடலுக்கு அடியில் அத்தனை தூரம் ஒழுங்காகப் போகிறது தகவல். நம் வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் திணறுகிறது. வெட்கமாக இல்லையா?

தப்பு விற்றவர் மேல் மட்டும் இல்லை. ரவுட்டர் வாங்க ரிச்சி தெரு வரை போய், எத்தனை ஆன்டெனா, என்ன பிராண்ட் என்று கேட்கிறோம். வயர் விஷயத்தை மட்டும் எலக்ட்ரீஷியன் தலையில் கட்டிவிடுகிறோம். அவர் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றால் தலையாட்டுகிறோம். யோசித்துப் பாருங்கள்: ரவுட்டரை ஐந்து வருஷத்தில் மாற்றிவிடலாம். சுவருக்குள் போன வயரை மாற்ற சுவரையே உடைக்க வேண்டும். அப்படியானால் காசை எதில் போட வேண்டும்?

அலுமினியம் கலந்தது என்று பெட்டியில் பெரிதாக எழுதி, அதற்கேற்ற விலையில் விற்கட்டும், எனக்குச் சண்டையே இல்லை. தாமிரம் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

200 அடி ரேடியல் ரோட்டின் இருபுறமும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வீடு வாங்குகிறவர்கள் டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார்கள், குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். கூடவே மூன்று விஷயம் கேளுங்கள். வயர் முழுத் தாமிரமா? பில்லில் அப்படி எழுதித் தருவார்களா? நாளைக்கு மாற்ற வசதியாக, கரண்ட் வயரோடு சேராத தனிக் குழாயில் போட்டிருக்கிறார்களா?

பூச்சு வேலைக்கு முன் கேட்டால் ஐந்து நிமிஷ வேலை. எங்கள் அப்பா இப்போது கொத்தனாரைத் தேடிக்கொண்டிருக்கிறார்...